‘லிமிடெட்’ என்ற சொல்லை எழுதி வாங்குங்கள்

ஜாமா மசூதிப் படிகளை ஒட்டிய மீனா பஜாருக்குப் பழைய இசைத்தட்டு வாங்கப் போகிறவர்கள் வெயில் இருக்கும்போதே போய்விட வேண்டும். கடைக்குள் எரியும் குழல்விளக்கில் எல்லாத் தட்டும் புதுசு மாதிரிதான் மினுங்கும். ஓரத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்து, வாசலுக்கு வந்து, வெயிலில் மெல்லச் சாய்த்துப் பார்த்தால்தான் தட்டு வாழ்ந்த வாழ்க்கை தெரியும். கீறல் தெரிந்தால் விரல் நகத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் காதிலும் படாது. நகம் இடறினால் முள்ளும் இடறும். லேபிளின் நடுத்துளையைச் சுற்றிச் சிலந்திவலை போலக் கோடுகள் இருந்தால், அந்தத் தட்டைத் துளை தேடித் தேடிப் பல நூறு முறை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கடைசியாகத் தட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். தில்லியின் மே மாத வெயிலில், நிறுத்தி வைத்த காருக்குள் ஒரு மதியம் கிடந்த தட்டு, அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும்.

பழைய தில்லியில் இதெல்லாம் சாத்தியம். சாந்தினி சௌக்கில் மோத்தி தியேட்டருக்கு எதிரே இருக்கும் நியூ கிராமபோன் ஹவுஸ், பிரிவினைக்கு முன் லாகூரில் தொடங்கிய கடை. அங்கேயும் மீனா பஜாரிலும் தட்டு கைக்கு வருகிறது, கண்ணால் பார்க்கிறோம், பேரம் பேசுகிறோம். ஆனால் இன்று தில்லியில் வினைல் வாங்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களில் பலர் போனில்தான் வாங்குகிறார்கள். ‘லிமிடெட் எடிஷன்’, ‘500 பிரதிகள் மட்டும்’, ‘ஆரஞ்சு நிற வினைல்’, ‘இன்னும் 2 மட்டுமே பாக்கி’ என்று வரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நாலாயிரம், ஆறாயிரம் என்று பணம் அனுப்புகிறார்கள். நானும் அனுப்பினேன்.

1970களின் இந்திப் படம் ஒன்றின் பாட்டுத் தட்டு, ஆரஞ்சு நிறத்தில். விற்றவர் சமூக ஊடகத்தில் கடை விரித்திருந்தவர். போனில் பேசியபோது, “ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்தது சார், ஐந்நூறு பீஸ்தான் போட்டிருக்கிறோம்” என்றார். வந்த தட்டின் உறையைக் கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது. அட்டைப் படத்தில் நாயகியின் கண்ணிமை புள்ளிப் புள்ளியாக உடைந்திருந்தது. பழைய உறை ஒன்றை ஸ்கேன் செய்து பெரிதாக்கி அச்சிட்டிருந்தார்கள். பின்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஆண்டு இல்லை. முள்ளை வைத்தால் செல்போனில் கேட்கிற பாட்டு, கொஞ்சம் இரைச்சலோடு. திருப்பித் தருகிறேன் என்றதற்கு, “லிமிடெட் பீஸ் ரிட்டர்ன் கிடையாது சார்” என்று பதில் வந்தது. மாஸ்டர் டேப் என்று சொன்னது போனில். ஐந்நூறு என்று போட்டது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் பதிவில். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கையில் இருந்தது யு.பி.ஐ. ரசீது ஒன்றுதான். அதில் தொகை இருந்தது, என்ன வாங்கினேன் என்பது இல்லை. பணம் திரும்பவில்லை.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது. சான்றுதான் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘லிமிடெட் எடிஷன்’ என்பதற்கு நம் நுகர்வோர் சட்டத்தில் வரையறை கிடையாது. நூறு பிரதியும் லிமிடெட்தான், நாற்பதாயிரமும் லிமிடெட்தான். ஒரே ஆல்பத்தை நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, உறை மாற்றி ஒன்று என்று வெளியிட்டு ஒவ்வொன்றையும் லிமிடெட் என்பது உலகம் முழுக்க நடக்கிறது. அதிலேயே ஒன்றும் தப்பில்லை. ஆனால் விற்பவர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், ஒரு மூலத்தைச் சொல்லிவிட்டால், அந்த நிமிடமே அது வாக்குறுதி ஆகிவிடுகிறது. பொய்யென்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது நியாயமற்ற வணிக நடைமுறை. பழைய பொருளைப் புதிது என்று விற்பதும், பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே பிரிவுக்குள் வருகின்றன. எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று பில்லில் போடவில்லையென்றால் சட்டமே 30 நாள் தருகிறது. ‘லிமிடெட் பீஸ் ரிட்டர்ன் கிடையாது’ என்று கடைக்காரர் எழுதி ஒட்டினாலும், குறையுள்ள தட்டுக்கு அது பொருந்தாது.

‘இன்னும் 2 மட்டுமே’ என்று பதற வைக்கும் விளம்பரத்துக்கும் பெயர் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. அவற்றுள் ஒன்று ‘பொய்யான அவசரம்’. கிடங்கில் இருநூறு இருக்க, இரண்டு என்று காட்டுவது அதில் அடங்கும். மூன்று வாரமாக அதே ‘2’ நின்றுகொண்டிருந்தால் நாள் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எழுத்தில் இருப்பதற்கு எவ்வளவு பலம் என்பதை அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி விவகாரம் காட்டியது. ஒலித்தரத்துக்காகவே பெயர் வாங்கிய நிறுவனம் அது. அதன் விலையுயர்ந்த ‘ஒன் ஸ்டெப்’ வரிசைத் தட்டுகள் மூல நாடாவிலிருந்து நேரடியாக வருகின்றன என்றே சேகரிப்பாளர்கள் நம்பினார்கள். தட்டு உருவாகும் படிகளை விளக்கிப் பெட்டிக்குள் வைத்த படத்திலும் டிஜிட்டல் என்ற பேச்சே இல்லை. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 40,000 பிரதிகள் வரப்போகின்றன என்று 2022-இல் அறிவிப்பு வந்தபோது கேள்வி எழுந்தது. ஒரு பழைய நாடாவை இத்தனை தட்டுக்காக எத்தனை முறைதான் ஓட்ட முடியும்? ஃபீனிக்ஸ் நகரத்தில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஒருவர் இந்த விஷயத்தைக் காணொளியில் கிளப்பினார். இடையில் டிஜிட்டல் படி இருப்பதை அந்த ஜூலையில் நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2023-இல் அது 25 மில்லியன் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. தட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கலாம், அல்லது தட்டை வைத்துக்கொண்டு ஒரு பகுதியைப் பெறலாம். அந்தத் தட்டுகளின் ஒலி மோசம் என்று பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை. சொன்னதும் கொடுத்ததும் ஒன்றா என்பதே வழக்காக இருந்தது.

சரி, எந்தத் தட்டு விலை பெறும்? பழசு என்பதால் மட்டும் அரிது ஆகாது. எம்.எஸ்.ஸின் 1963 வேங்கடேச சுப்ரபாதத் தட்டும், ‘ஷோலே’ வசனத் தட்டும் வீட்டுக்கு வீடு போனவை. கொல்கத்தாவை ஒட்டிய டம் டம்மில் 1928-இல் தொடங்கிய எச்.எம்.வி. ஆலை பல தட்டுகளைத் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கிறது. ஒரே உறைக்குள் முதல் அச்சும் இருக்கலாம், பத்து வருடம் கழித்துப் போட்ட மறு அச்சும் இருக்கலாம். எதிர்த்திசையில், 1980களின் பிற்பாதியில் கேசட் சந்தையைப் பிடித்தபோது எல்.பி. எண்ணிக்கை சுருங்கியது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988) போன்றவற்றின் முதல் அச்சைத் தேடி ஆட்கள் அலைவதற்கு இசை பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி.

முதல் அச்சா என்று பார்க்க உறையை நம்பாதீர்கள், உறை மாறியிருக்கலாம். கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பாட்டில்லாத வழவழப்பான வளையம் இருக்கிறதே, அங்கே பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெரும்பாலும் எந்த அச்சு என்று தெரிந்துவிடும். அங்கேயே விலையும் பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலை எதுவும் விலையே இல்லை. அந்தத் தட்டு கடைசியாக எவ்வளவுக்கு உண்மையில் கைமாறியது என்ற வரிசை தனியாக இருக்கிறது, அதுதான் விலை.

புதிய மறு அச்சுகளில் பார்க்க வேண்டியது வேறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவு ஒன்றை வெளியிடுகிறவர் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு ஆகியவற்றைத் தட்டிலும் உறையிலும் காட்ட வேண்டும் என்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. உறையைத் திருப்பி இந்த விவரங்களைத் தேட அரை நிமிடம் போதும், அந்த அரை நிமிடத்தை நான் பணம் அனுப்புவதற்கு முன் செலவழித்திருக்க வேண்டும். பின்பக்கப் படத்தைக் கேட்டிருந்தால் போதும். இறக்குமதியாகி மூடிய உறையில் விற்கும் தட்டென்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவையும் ஒட்டியிருக்க வேண்டும். இளையராஜா பாடல்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றின் உரிமை யாருக்கு என்று எக்கோ நிறுவனத்தோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. அனுமதி கொடுத்தது யார் என்று கேட்பது வாங்குகிறவருக்கு அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

ஐரோப்பாவிலிருந்து மலிவாக வரும் 1950களின் ஜாஸ் தட்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அங்கே உரிமைக் காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும், குறுந்தகட்டிலிருந்து எடுத்துக்கூடப் போடலாம். அங்கே அது சட்டப்படிதான். மூல நாடாவிலிருந்து வந்த தட்டு என்று நினைத்து அந்த விலை கொடுக்காமல் இருந்தால் சரி. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு என்பது தனிக் கணக்கு. 1960-இல் வெளியானதன் உரிமை 2020 முடிவில் தீர்ந்தது, ஆனால் பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டு வரை ஓடும்.

பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள், அழைக்க வேண்டாம். எத்தனை பிரதி, எந்த மூலம், எங்கே அச்சானது, தட்டின் தரம் என்ன, பில் உண்டா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் அதுவே பதில். வந்தால் அந்தப் பதில்தான் நாளைக்கு உங்கள் ஆவணம். பொதியைப் பிரிக்கும்போது முத்திரை உடைவது முதல் தட்டு வெளியே வருவது வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

தகராறு வந்தால் முதலில் விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அதிலும் முடியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் மும்பையில் இருந்தாலும், நீங்கள் கரோல் பாகில் குடியிருந்தால் தில்லியிலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு தட்டே அனுப்பாமல் ஆள் காணாமல் போனால் அது வேறு வழக்கு. தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே இல்லை. விலை ஏறும், அப்போது விற்கலாம் என்று ஒரே தட்டில் ஐந்து வாங்கினால் ஆணையத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். தன் வீட்டுத் தட்டை விற்கும் தனிமனிதரிடம் வாங்கும்போதும் இந்தச் சட்டத்தை நம்ப முடியாது. அங்கே ஒப்பந்தச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும்தான், அதற்கு ஆகும் அலைச்சல் தட்டின் விலையைத் தாண்டும். அங்கே மீனா பஜார் முறைதான் சரி: வெயிலில் சாய்த்துப் பார்த்து வாங்குவது.

அந்த ஆரஞ்சுத் தட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஒரு பிரதியைச் சொந்தமாகக் கேட்க வைத்திருப்பது குற்றமில்லை. திருட்டுப் பதிப்பு என்று தெரிந்தே இன்னொருவருக்கு விற்றால், பதிப்புரிமைச் சட்டத்தின்படி மீறியவன் நானாகிவிடுவேன். பழைய தட்டு எடுக்கிறவர் யாராவது ஒருநாள் வீட்டுக்கு வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகலாம். அதனால் உறையின் உள்பக்கம், பிரித்தால் கண்ணில் படுகிற இடத்தில், ‘போலி அச்சு, விற்க வேண்டாம்’ என்று பேனாவால் எழுதி, வாங்கிய தேதியையும் போட்டு வைத்திருக்கிறேன்.