‘ஆர்கானிக்’ என்று எழுதியிருந்தால் போதுமா?

‘‘டாக்டர், எங்க வீட்ல இப்ப எல்லாமே ஆர்கானிக்தான். அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம்... ஒண்ணு விடலை!’’

என்னிடம் வருகிறவர்கள் பலர் இப்படிப் பெருமையாகச் சொல்கிறார்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கே பார்த்தாலும் ஆர்கானிக் கடை போர்டு தெரிகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், ‘‘ஆர்கானிக்னா என்னம்மா?’’ என்று திருப்பிக் கேட்டால், ‘மருந்து அடிக்காதது’, ‘நாட்டு ரகம்’, ‘பாலீஷ் போடாதது’ என்று ஆளுக்கொரு பதில். இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

எது ஆர்கானிக்?

நாம் இயற்கை விவசாயம் என்கிறோம். அரசாங்கம் ‘அங்கக வேளாண்மை’ என்கிறது. யூரியா, டி.ஏ.பி. போன்ற ரசாயன உரம் கூடாது. ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி கூடாது. மரபணு மாற்றிய விதை கூடாது. பதிலாகத் தொழு உரம், மண்புழு உரம், தக்கைப்பூண்டு, வேப்பம் பிண்ணாக்கு, பஞ்சகவ்யம்.

‘இது நம்ம தாத்தா செய்த விவசாயமாச்சே’ என்பீர்கள். உண்மைதான். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி நம் நாட்டு விவசாயிகளிடம் கற்றுக்கொண்டுதான் இந்தூரில் மட்கு உரம் தயாரிக்கும் முறையை வகுத்தார். நம்மாழ்வார் ஐயா 2013-ல் மறையும்வரை ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொன்னார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆர்கானிக் என்பது விளைவித்த விதம்; பயிரின் ரகம் அல்ல. மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் யூரியா போட முடியும். நாட்டுக் கத்தரிக்காய்க்கும் மருந்து அடிக்க முடியும். பாலீஷ் போடாத அரிசி என்பது மில்லில் நடந்ததைச் சொல்கிறதே தவிர, வயலில் நடந்ததைச் சொல்வதில்லை.

சான்று யார் தருகிறார்கள்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, மத்திய வர்த்தக அமைச்சகத்தைச் சேர்ந்த ‘அபீடா’ நடத்தும் தேசியத் திட்டம். அபீடா அங்கீகரித்த அமைப்புகள் சோதித்துச் சான்று தருகின்றன. தமிழ்நாட்டில் 2007-லிருந்து கோவையில் ஓர் அரசுத் துறையே இதற்காக இயங்குகிறது. எந்த விதை, எந்த உரம், எவ்வளவு மகசூல் என்று விவசாயி பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வருஷம் ஒருமுறையாவது ஆய்வாளர் வயலுக்கே வந்து பார்ப்பார். பக்கத்து வயலில் அடிக்கிற மருந்து காற்றில் பறந்து வராதபடி இடைவெளி விடவேண்டும்.

ரசாயனத்தை இன்று நிறுத்தினால் நாளைக்கே சான்று கிடைக்காது. நெல், காய்கறி போன்றவற்றுக்கு 2 வருஷம், மா, தென்னை போன்ற மரப் பயிர்களுக்கு 3 வருஷம் ‘மாறும் காலம்’ உண்டு. அதுவரை விளைச்சல் குறையலாம். முழு ஆர்கானிக் என்று சொல்லி விற்கவும் முடியாது. விலை கூடுதலாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, மத்திய வேளாண் அமைச்சகத்தின் ‘பி.ஜி.எஸ்.’ முறை. குறைந்தது 5 விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் சோதித்து உறுதி சொல்கிறார்கள். செலவு குறைவு, சிறு விவசாயிக்குத் தோது. மாறும் காலத்தில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’, முடிந்த பிறகு ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் வருஷ விதிகளின்படி, ஆர்கானிக் என்று விற்கும் பாக்கெட்டுக்கு இந்த இரண்டில் ஒரு சான்று வேண்டும். ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் அப்போது வந்ததுதான். பிறகு ‘இந்தியா ஆர்கானிக்’ என்ற ஒருங்கிணைந்த முத்திரையை அறிவித்திருக்கிறார்கள்.

பாக்கெட்டில் 14 இலக்க எண் ஒன்று இருக்குமே, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது உணவு வியாபாரத்துக்கான லைசென்ஸ் எண். சாதாரண பிஸ்கெட்டிலும் அது உண்டு!

சிறு விவசாயியே நேரடியாக உங்களிடம் விற்றால் சான்று கட்டாயமில்லை. அங்கே நம்பிக்கைதான் சான்று. ‘உங்க வயல் எங்கே? பூச்சி வந்தா என்ன அடிப்பீங்க?’ என்று தாராளமாகக் கேளுங்கள். நிஜமாகவே செய்கிறவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். கடையில் மூட்டையைப் பிரித்து எடை போட்டுக் கொடுத்தால், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

உடம்புக்கு என்ன லாபம்?

பூச்சிமருந்து எச்சம் பொதுவாகக் குறைவாக இருக்கும். மண்ணுக்கு நல்லது. தோளில் டேங்க் மாட்டி மருந்து அடிக்கிற தொழிலாளிக்கும் ரொம்ப நல்லது. ஆனால் ‘எச்சம் துளிகூட இல்லை’ என்று சான்று உத்தரவாதம் தருவதில்லை. சத்து பல மடங்கு அதிகம் என்பதும் நிரூபணமாகவில்லை.

முக்கியமான விஷயம் இதுதான். ஆர்கானிக் வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்! ‘ஆர்கானிக்தானே’ என்று தினமும் நாட்டுச் சர்க்கரை காபி, கருப்பட்டி அல்வா சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, ஆறாத கால் புண்ணோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உணவே மருந்து என்பது உண்மை. ஆனால் அளவோடு சாப்பிட்டால்தான் அது மருந்து.

பட்ஜெட் இடிக்கிறதா?

எல்லாமே ஆர்கானிக்காக வாங்க முடியவில்லை என்று மனம் தளர வேண்டாம். அதற்காகக் காய்கறியைக் குறைத்துவிடவே கூடாது. பச்சையாகவும் தோலோடும் சாப்பிடுகிறவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்: கீரை, கொத்தமல்லி, திராட்சை, தக்காளி. மற்றவற்றை உப்பு கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் மேல் இலைகளை எடுத்துவிடுங்கள். செடிக்குள்ளேயே ஊடுருவிய மருந்து இதில் போகாது என்றாலும், மேலே படிந்தது பெருமளவு போய்விடும்.

மொட்டை மாடியில் நாலு தொட்டி வைக்க இடமிருந்தால் கறிவேப்பிலை, புதினா, வெந்தயக்கீரை, பசலை போடுங்கள். சமையலறைக் கழிவை மட்க வைத்து உரமாகப் போடுங்கள். அதற்கு எந்த முத்திரையும் தேவையில்லை. என்ன போட்டு வளர்த்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியுமே!