வகுப்பறைக்கு வரும் வீட்டுச் செய்திகள்

ஆரம்பப் பிரிவு வகுப்பொன்றுக்குத் திங்கட்கிழமை காலையில் சென்று பாருங்கள். வரவு இடாப்பைத் திறப்பதற்கு முன்பே டீச்சரின் மேசையைச் சுற்றிச் செய்திகள் குவிந்துவிடும்.

"டீச்சர், எங்கட ராத்தாக்கு மகன் கிடைச்சிருக்கு."

"டீச்சர், எங்கட வாப்பா கட்டாரிலிருந்து வாற மாசம் வாறாராம்."

"டீச்சர், எங்கட ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு."

இந்த ஆரவாரத்துக்கிடையே பென்சில் நுனியைக் கடித்தபடி ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையும் ஒன்று இருக்கும். சிலவேளை அன்றைய செய்திகளில் மிக முக்கியமானது அந்தப் பிள்ளையிடம்தான் இருக்கும். சனிக்கிழமை அதன் உம்மா வெளிநாட்டுக்குப் பயணமாகியிருக்கலாம். வீட்டில் யாராவது மௌத்தாகியிருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வார்த்தை வராது. வீட்டாரும் சொல்லியனுப்பியிருக்க மாட்டார்கள். அன்று கொப்பியில் எழுத்துக் குழம்பும். கூட்டல் பிழைக்கும். காரணம் அறியாத டீச்சர் 'கவனமில்லை' என்று எழுதிவிடுவார்.

வீட்டுக்கும் வகுப்பறைக்குமிடையே வாரந்தோறும் சென்று வர வேண்டிய செய்திகள் ஏராளம். அவற்றைச் சுமக்கும் தபாற்காரனோ ஒரு சிறு பிள்ளை. முழுச் சுமையையும் அதன் தலையில் வைப்பது நியாயமா?

பேச்சே முதற் பாடம்

"காலையிலேயே கதை கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடக்கும்?" என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. உண்மையில் அந்தக் கதைதான் அன்றைய முதற் பாடம்.

ஆடு குட்டி போட்ட செய்தியையே எடுத்துக்கொள்வோம். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லும்போது பிள்ளை மொழியில் பயிற்சி பெறுகிறது. அதை டீச்சர் கரும்பலகையில் 'எங்கள் ஆடு இரண்டு குட்டிகளை ஈன்றது' என்று எழுதும்போது, வீட்டில் பேசும் 'எங்கட' நூலில் 'எங்கள்' ஆவதைப் பிள்ளை காண்கிறது. தன் சொந்த வாக்கியத்தை அது ஆசையோடு வாசிக்கும். ஆட்டுக்கும் இரண்டு குட்டிகளுக்கும் மொத்தம் எத்தனை கால்கள் என்று கேட்டால் கணிதமும் வந்துவிடுகிறது. குட்டி என்ன குடிக்கும், எங்கே தூங்கும் என்று பேசினால் சுற்றாடல் சார்ந்த செயற்பாடும் ஆயிற்று.

1998 இல் கம்பஹா மாவட்டத்திலும் 1999 முதல் நாடு முழுவதிலும் தரம் ஒன்றில் அறிமுகமான கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றையும் ஆரம்பக் கல்வியின் வழிகளாக்கியது. பிள்ளையை இனங்கண்ட பின்னரே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பிள்ளையின் வீட்டை அறியாமல் பிள்ளையை இனங்காண்பது எப்படி?

இடாப்பு சொல்லாத காரணங்கள்

5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1998 இல் நடைமுறைக்கு வந்தது. 2016 இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் பிள்ளையைப் பாடசாலை வாசல் வரை கொண்டுவரும். ஒரு பிள்ளை மூன்று நாட்கள் வரவில்லை என்பதை இடாப்பும் காட்டும். ஏன் வரவில்லை என்பதை மட்டும் அது சொல்லாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ராத்தாவை வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். ஒரே சோடிச் சப்பாத்து மழையில் நனைந்திருக்கும். மூத்தும்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றிருப்பார்கள்.

தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் அவ்வாறு செல்வதைக் கட்டுப்படுத்தி, 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அது இறுக்கமாக இருந்த காலத்திலும் அந்தத் தடை ஐந்து வயதோடு முடிந்தது. நம் நாட்டில் பிள்ளை தரம் ஒன்றில் சேர்வதும் ஐந்து வயது நிறைந்த பின்னரே. அதாவது, சட்டம் கையை விட்ட இடத்தில் நின்றது ஆரம்பப் பாடசாலை. உம்மா தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தலைவாரி விடுவது யார், காலையில் எதையாவது சாப்பிடக் கொடுப்பது யார், கொப்பியில் கையொப்பமிடுவது யார் என்பது வகுப்பாசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நாட்டின் பெருந்துயரங்களும் வீட்டுச் செய்திகளாகவே வகுப்பறைக்குள் நுழைந்தன. 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து வகுப்புகளில் வந்து அமர்ந்தபோதும், 2004 டிசம்பர் 26 இன் கடல்கோளுக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் இடாப்பு மீண்டும் வாசிக்கப்பட்டபோதும், ஆசிரியர்களின் முதல் வேலை பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதாகவே இருந்தது.

வகுப்பிலிருந்து வீட்டுக்கு

இனி மறுபக்கம். பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் "இண்டைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்டுமில்ல" என்றுதான் பதில் வரும். பெரும்பாலான வீடுகளுக்கு வகுப்பின் நிலை தெரிவது தவணை முடிவில், முன்னேற்ற அறிக்கை கைக்கு வரும்போதுதான். அதற்குள் மூன்று மாதங்கள் கழிந்துவிடும்.

2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப் குழுக்கள் பரவின. கடல் கடந்திருக்கும் வாப்பாவும் மகனின் ஓவியத்தைப் பார்க்க முடிந்தது நன்மைதான். எனினும் எல்லா வீட்டிலும் அத்தகைய போன் இல்லை. நாற்பது பெற்றோர் பார்க்கும் குழுவில் ஒரு பிள்ளையின் குறையைப் பேசுவதும் முறையாகாது. பல குழுக்கள் வீட்டுவேலைப் படங்களாலும், புலமைப்பரிசில் பரீட்சைப் போட்டியாலும் நிரம்பிவிட்டன.

வாரத்துக்கொரு சிறு கடிதம் இதைவிட எளிது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பிள்ளைகள் நேரத்தோடு வீடு திரும்பும் முன், கரும்பலகையில் ஐந்து வரிகளை எழுதிக் கொப்பியில் பார்த்தெழுதச் செய்யலாம். அதுவும் ஓர் எழுத்துப் பயிற்சியே. தரம் மூன்றின் கடிதம் இப்படி இருக்கலாம்:

'இந்த வாரம் நாம் நேரம் பார்க்கப் படித்தோம். போஞ்சி விதை முளைத்துவிட்டது. எங்கள் வகுப்பில் ஒருவருக்குத் தங்கை பிறந்தாள். திங்கட்கிழமை வெற்றுத் தீப்பெட்டி ஒன்று கொண்டு வர வேண்டும். வீட்டில் கடிகாரம் பார்த்து நேரம் சொல்லுவேன், கேளுங்கள்.'

இறுதி வரிதான் மிக முக்கியமானது. எழுத்தறியாத உம்மாவும் கடிகாரத்தைக் காட்டிக் கேட்கலாம். கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் பிள்ளைதானே! கீழே ஒரு வரி வெறுமையாக இருக்கட்டும். வீட்டார் சொல்ல விரும்புவதை அதில் எழுதலாம். எழுத முடியாதவர்கள் பாடசாலை வாசலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம்.

வீட்டுச் செய்தி அமானிதம்

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். சிறு பிள்ளை எதையும் மறைக்காது. வாப்பா உம்மாவைத் திட்டியதையும், கடன்காரர் வந்து நின்றதையும் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடும். அத்தகைய பேச்சை டீச்சர் மெதுவாக வேறு பக்கம் திருப்பி, பின்னர் பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்பதே பண்பாகும். கேட்டது ஆசிரியர் அறைக்கும், அங்கிருந்து தெருவுக்கும் போகக் கூடாது. ஒருமுறை போய்விட்டால் அந்த வீட்டிலிருந்து அடுத்த செய்தி வராது. பிள்ளைக்கு அடி விழுகிறது, ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் அதிபரிடமும் உரிய அதிகாரிகளிடமும் தெரிவித்தே ஆக வேண்டும். அங்கே மௌனம் குற்றமாகும்.

பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை. குடும்பத்தின் முழுக் கதையும் டீச்சருக்கு வேண்டியதில்லை. "உம்மா பயணம் போயிட்டா, பிள்ளை சாச்சியோட இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க டீச்சர்" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்ட டீச்சர் அந்தப் பிள்ளையை முன்வரிசைக்கு அழைப்பார். இடைவேளையில் சாப்பிட்டதா என்று விசாரிப்பார். கூட்டல் பிழைத்தாலும் பொறுமையாக மறுபடி சொல்லிக்கொடுப்பார்.

இதற்குப் பணம் வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம். வாரத்தில் டீச்சரின் பத்து நிமிடமும் பெற்றோரின் ஐந்து நிமிடமும் போதும். அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.