தூரத்தில் இருந்து ஒரு செய்முறை

உயர்தரத்தில் நான் உயிரியலை விட்டுக் கலைப்பிரிவுக்குப் போனது விருப்பத்தினால் அல்ல. இடம்பெயர்ந்து போய்ச் சேர்ந்த பாடசாலையில் நுணுக்குக்காட்டி ஒன்றுகூட இருக்கவில்லை. புத்தகத்துப் படத்தைப் பார்த்தே கொப்பியில் படம் வரைந்தோம். "வீட்டில இருந்து உயிரியல் படிக்கலாம் எண்டால் செய்முறைக்கு என்ன செய்யிறது அக்கா?" என்று அண்மையில் கைக்குழந்தையோடு வந்த தங்கை ஒருத்தி கேட்டபோது அந்தக் கொப்பிதான் நினைவுக்கு வந்தது.

சகோதரிகளே, அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இங்மார் றீடல்-குருசே என்பவரின் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டு 2016 இல் வெளியிட்டார்கள். குளத்து நீரில் வாழும் ஒருகல உயிரியான இயூகிளினா அங்கே நுணுக்குக்காட்டியின் கீழ் நீந்திக்கொண்டிருக்கும். நான்கு பக்கமும் சிறு விளக்குகள். எங்கோ இருக்கும் மாணவி தன் கணினியில் இருந்து ஒரு பக்க விளக்கின் ஒளியைக் கூட்டுவாள். கடும் ஒளியை விட்டு உயிரிகள் விலகி நீந்துவதை அப்போதே காண்பாள். பல்கலைக்கழக வகுப்பிலும் இதைச் செய்து பார்த்தார்கள். முன்பே எடுத்து வைத்த படம் அல்ல இது. உயிருள்ளவை ஆகையால் எல்லாம் ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஆனால் மெல்லிய வெட்டுமுகம் எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, சாயமிடும் கைப்பழக்கம் இதில் வராது. அதற்கு ஆய்வுகூடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

தங்கைக்கு இதைத்தான் சொன்னேன்: "சேர முந்தி, எத்தனை நாள் நேரில வரவேணும் எண்டு கேளுங்கோ. அந்த நாட்களில பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டு வீட்டிலயும் இப்பவே கதையுங்கோ."