பெருக்கல் குறி மறைய எத்தனை வினாடி? ரசாயன வினையின் வேகத்தை அளப்பது எப்படி?

வெயில் காலத்தில் தோசை மாவு சட்டென்று புளித்து விடும். பிரிட்ஜில் வைத்தால் தாங்கும். சூடு ஏறினால் வினையின் வேகமும் ஏறும் என்பதுதான் ரகசியம்.

இந்த வேகத்தை பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே அளந்து விடலாம். வெள்ளைத்தாளில் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் கண்ணாடி குடுவையை வைக்க வேண்டும். அதில் சோடியம் தயோசல்பேட் கரைசலை ஊற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்ததும் ஸ்டாப் வாட்ச்சை தட்ட வேண்டும். கந்தகம் பிரிந்து கரைசல் கலங்கும். மேலிருந்து பார்த்தால் குறி மறையும். அந்த நேரத்தை குறித்துக் கொள்ள வேண்டும்.

80 வினாடி பிடித்தது, கரைசலை சூடாக்கியதும் 40 வினாடியில் முடிந்தால் வேகம் 2 மடங்கு.

உஷார்! இதில் கந்தக டை ஆக்சைடு வாயு வரும். ஆஸ்துமா உள்ள மாணவ-மாணவிகளுக்கு மூச்சு திணறலாம். அதனால் குடுவையை முகர்ந்து பார்க்கக் கூடாது. ஜன்னலை திறந்து வைத்து, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.