தேர் பார்க்கப் போகிறோம், ஊரைப் பார்த்தோமா?



யேர்மனியில் வாழும் எங்களில் ஹம் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போகாதவர்கள் குறைவு. இரண்டாம் இலக்க நெடுஞ்சாலையால் வந்து ஹம்-ஊன்ட்ரொப் என்ற பலகையைக் கண்டதும் திரும்புவோம். வாகனத்தை விடுவோம், அம்பாளைக் கும்பிடுவோம், தேர் பார்ப்போம், அன்னதானத்தில் சாப்பிடுவோம், கடைகளில் ஏதும் வாங்கிக்கொண்டு பின்னேரம் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். நானும் அப்படித்தான் பல வருடம் போய் வந்தேன்.

ஒருமுறை தேர் முடிந்து வரும்போது பேத்தி கேட்டாள்: "அப்பப்பா, கோவில் வர முதல் இந்த இடத்திலை என்ன இருந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. "சும்மா வெளிதான் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் கேட்கவில்லை. நான் வட்டக்கச்சியில் நெல் விதைத்த ஒருவரின் மகன். வயற்காணியைச் சும்மா வெளி என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது? ஓய்வூதியம் எடுத்த பிறகு சாதாரண நாட்களிலும் அந்தப் பக்கம் போய் நடக்கத் தொடங்கினேன். அறிந்துகொண்டதை உங்களோடும் பகிர்கிறேன்.

ஊன்ட்ரொப் ஒரு பழைய கமக்காரக் கிராமம். 1975ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் அது ஹம் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. அதன் அருகே ஓடும் ஆற்றின் பெயர் லிப்பே. பாட் லிப்ஸ்பிரிங்க என்ற ஊரில் ஊற்றாகப் புறப்பட்டு, சுமார் 220 கிலோமீற்றர் மேற்கே ஓடி, வேசல் நகரில் றைன் நதியோடு கலக்கிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் உரோமப் படைகள் இந்த ஆற்று வழியாகத்தான் உள்நாட்டுக்குள் வந்தன.

ஆற்றுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் சமவெளியை பேர்டே என்கிறார்கள். பனியுகக் காலத்தில் காற்று அள்ளிவந்து கொட்டிய மிக நுண்ணிய மண் அங்கே தடிப்பாகப் படிந்திருக்கிறது. கல் இல்லாத மண், ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். அதனால்தான் கோதுமை, பார்லி, சீனி எடுக்கும் பீற்றூட் எல்லாம் அங்கே செழித்து விளைகின்றன. சித்திரைக் கடைசியில் போனால் றாப்ஸ் பூத்து வயலெல்லாம் மஞ்சளாக இருக்கும். ஆனால் ஆற்றங்கரையை ஒட்டிய தாழ்ந்த நிலம் வேறு மாதிரி. மாரியில் வெள்ளம் ஏறும். ஆகையால் பழைய கமக்காரர் அங்கே உழாமல் புல்லுக்கு விட்டு மாடு மேய்த்தார்கள். மேட்டில் விதைப்பு, பள்ளத்தில் மேய்ச்சல். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

பின்னர் இந்தப் பள்ளத்தாக்குக்குள் தொழிற்சாலைகள் வந்தன. டாற்றல்னில் இருந்து ஹம் வரை வெட்டிய கால்வாய் 1914இல் திறக்கப்பட்டு, 1933இல் ஊன்ட்ரொப் பக்கம் வரை நீட்டப்பட்டது. நிலக்கரியும் பிற சரக்குகளும் கொண்டுசெல்ல வெட்டிய அந்தக் கால்வாயில்தான் இன்று எங்கள் தீர்த்தத் திருவிழா நடக்கிறது.

கால்வாயும் தண்ணீரும் இருந்ததால் மின்நிலையங்களும் வந்தன. அதில் ஒன்று தோரியம் கலந்த எரிபொருளில் ஓடிய அணு உலை. கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இதே தோரியம்தான். 1985இல் இந்த உலை மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 1986 ஏப்ரலில் செர்னோபில் விபத்து நடந்தது. அடுத்த சில நாட்களில், மே 4ஆம் திகதி, இந்த உலையிலிருந்தும் கதிரியக்கத் தூசு வெளியேறியது. தங்கள் புல்லுக்கும் பாலுக்கும் என்ன நடக்கும் என்று பயந்த மக்கள் எதிர்த்தார்கள். தொழில்நுட்பச் சிக்கல்களும் செலவும் சேர்ந்து 1989இல் உலை நிரந்தரமாக மூடப்பட்டது. சுமார் 180 மீற்றர் உயரமான அதன் குளிரூட்டும் கோபுரம் 1991 செப்டெம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பக்கத்தில் 2014இல் ஓடத் தொடங்கிய புதிய நிலக்கரி அலகும் 2021இல் மூடப்பட்டுவிட்டது.

அந்த உலை மூடிய அதே 1989இல்தான் ஹம் நகரில் எங்கள் அம்பாளின் வழிபாடு சிறிய அளவில் தொடங்கியது. 1985இல் இங்கு வந்த சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக்குருக்கள் தொடக்கி நடத்தினார். 1993இல் முதன்முதலாக அம்பாள் வீதியுலா வந்தாள். வருடா வருடம் சனம் கூட, குடியிருப்புப் பகுதியில் சத்தமும் வாகன நெரிசலும் அயலவர்களுக்குச் சிரமமாயின. ஆகவே வீடுகள் நெருக்கமில்லாத ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில் காணி எடுக்கப்பட்டது. 17 மீற்றர் இராசகோபுரத்தோடு 2002 யூலை 7ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்தது. தொழிற்பேட்டைக்குள் ஏன் கோவில் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

ஆறும் சும்மா இருக்கவில்லை. மனிதர் நேராக்கி, கரை கட்டி ஒடுக்கிய லிப்பேயை 2005 முதல் 2010 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஹம் பகுதியில் மீண்டும் அகலப் பாயவிட்டார்கள். கரைகளைத் தாழ்த்தி வெள்ளத்துக்கு வழிவிட்டார்கள். இன்று அந்தப் புல்வெளிகளில் நாரைகளைக் காணலாம்.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று யாரும் கேட்கலாம். வட்டக்கச்சியில் எங்கள் வயலுக்கு இரணைமடுத் தண்ணீர் எந்த வாய்க்காலால் வரும், எந்த வரம்பில் நடந்தால் கால் வழுக்கும் என்று ஐயாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அவர் போய்விட்டார். நான் 1985இல் கிழக்கு பேர்லினால் வந்தவன். 2009இல் அந்த ஊரே இடம்பெயர்ந்தது. இன்று அந்த வரம்பைக் காட்டித்தர எங்கள் குடும்பத்தில் ஆளில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் காணி இருந்தும் ஊர் இல்லாமல் போய்விடும். அந்த இழப்பை அறிந்த நாங்கள், முப்பது வருடமாகப் போய்வருகிற இடத்தின் ஆற்றுப் பெயரைக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருக்கலாமா?

அடுத்த தேருக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். பிள்ளைகளை லிப்பே கரைக்குக் கூட்டிப்போங்கள். வயலோரத்தில் வாகனத்தை ஏற்றாதீர்கள், அது ஒருவருடைய விதைப்பு. ஆற்றின் பெயரைச் சொல்லுங்கள். அதோடு உங்கள் ஊர் ஆற்றையோ குளத்தையோ கிணற்றையோ சேர்த்துச் சொல்லுங்கள்.

பேத்திக்கு நான் சரியான பதிலைச் சொல்லிவிட்டேன். "அப்ப இரணைமடு எங்கை இருக்கு?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு எனக்குப் பதில் தெரியும்.