டிரைவர் மீது விழுந்த பழி

பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி, அவை பிறந்த காலத்து மென்பொருளோடு மறுபடியும் ஓடச் செய்வதில் ஆனந்தம் காண்கிறவர்களுக்கு, நீலத் திரையைப் போல மனத்தைக் கலக்கும் காட்சி வேறில்லை. விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். நெருப்பும் புகையும் நிறைந்த ஒரு கட்டம் வந்தவுடன் எல்லாம் உறைந்துபோய், சில விநாடிகளுக்குப் பின் திரை நீலமாகி, கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் முடிவில்லாச் சுழற்சியொன்றில் சிக்கிக்கொண்டது என்ற அறிவிப்பும், அந்த டிரைவர் கோப்பின் பெயரும் அதில் தோன்றும். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியை ஏ.ஜி.பி. கார்டோடு ஓட்டியவர்களில் பலருக்கு இது பரிச்சயமான அறிவிப்பு. பெயரே எழுதியிருப்பதால் குற்றவாளி டிரைவர்தான் என்று நாம் நிச்சயித்துவிடுகிறோம். நானும் அப்படி நிச்சயித்து, ஒரு பதிப்பை நீக்கி இன்னொன்றை நிறுவுவதும், அதுவும் விழக் கண்டு வேறொன்றைத் தேடுவதுமாக இரண்டு வாரங்களைக் கழித்தேன்.

டிரைவர் செய்யும் காரியம் இன்னதென்று தெரிந்துகொண்டால் அந்த அறிவிப்பின் அர்த்தம் விளங்கும். இந்த இடத்தில் இந்த நிறத்தில் ஒரு முக்கோணம் வேண்டும் என்று விளையாட்டு கேட்பதை, கார்டிலுள்ள சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி, வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, சில்லு அவற்றை முடித்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பதே அதன் தொழில். சில்லு நடுவழியில் பிரக்ஞை இழந்துவிட்டால், முடிந்தது என்ற பதில் ஒருநாளும் வராது, காத்திருப்புக்கும் ஓய்வில்லை. திரை சொல்லும் முடிவில்லாச் சுழற்சி பெரும்பாலும் இந்தக் காத்திருப்புத்தான். உள்ளே ஒருவன் மூர்ச்சித்துக் கிடக்க, வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பவனைக் குற்றவாளியென்று பிடித்துக்கொண்டு போவதை ஒத்தது, டிரைவரின் மேல் பழி போடுவது.

டிரைவர் விழுந்தால் யந்திரம் முழுவதும் ஏன் விழவேண்டும் என்று கேட்கலாம். 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யின் முதற்பதிப்பில், திரைக்கு வரைகிற பகுதி இயங்குதளத்தின் கர்ப்பக்கிருகத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. வேகத்தை முன்னிட்டு, 1996-இல் வந்த என்.டி. 4.0 அதை உள்ளே கொண்டுவந்து சேர்த்தது. எக்ஸ்பியும் அந்த வழியில் வந்ததே. பின்னால் விஸ்டாதான் டிரைவரின் பெரும்பகுதியை வெளியே அனுப்பி, சில்லு இரண்டு விநாடிகளுக்குப் பதில் தராமற்போனால் அதை மட்டும் தட்டியெழுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. எக்ஸ்பி காலத்து யந்திரங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இந்த விசாரணையில் நம்மை ஏமாற்றும் பொய்ச்சாட்சி ஒன்று உண்டு. கார்டுக்கு உரிய டிரைவரை நீக்கிவிட்டு, விண்டோஸோடு வரும் பொதுவான வி.ஜி.ஏ. டிரைவரில் ஓட்டினால், யந்திரம் நாள் முழுவதும் அசையாமல் நிற்கும். ஆகவே நீக்கிய டிரைவரில்தான் பிழை என்று தீர்ப்பளிக்கத் தோன்றும். ஆனால் வி.ஜி.ஏ. என்பது 1987-இல் ஐ.பி.எம். வகுத்த முறை, 640-க்கு 480 புள்ளிகளும் 16 நிறங்களுமாக அது படம் காட்டும்போது, சில்லின் முப்பரிமாணப் பகுதிக்கு வேலையே இல்லை. படுத்திருக்கும் நோயாளிக்கு மூச்சு வாங்கவில்லை என்பதால் இருதயம் நன்றாக இருக்கிறதென்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார்.

ஆகையால் மாற்றிப் பார்க்கவேண்டியது சுமையை. மதர்போர்டின் சிப்செட்டுக்குரிய டிரைவரை முதலில் நிறுவி, அதன்பிறகே கிராபிக்ஸ் டிரைவரை நிறுவினோமா என்று பார்த்துக்கொள்வதும், மின்விசிறியின் அழுக்கை எடுப்பதும் சிறிய காரியங்கள். அவற்றை முடித்துவிட்டு பயாஸில் ஏ.ஜி.பி. வேகத்தை நான்கு மடங்கிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். விழுவது குறைந்தது. சில்லின் கடிகார வேகத்தையும் சற்றுக் குறைத்தேன். அரைமணிக்கு ஒருமுறை விழுந்தது, மாலைக்கு ஒருமுறையாயிற்று. நிரலில் எழுதப்பட்ட பிழை இப்படிச் சுமைக்கு ஏற்றபடி இளகுவதும் இறுகுவதும் அபூர்வம். மின்சாரத்தின் பக்கம் பார்வையைத் திருப்ப இது போதுமான காரணம்.

கார்டைக் கழற்றி, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, ஓரத்தில் வரிசையாக நின்ற நான்கு கெப்பாசிட்டர்களில் மூன்றின் தலை தட்டையாக இல்லை. வேகும் இட்லியைப் போல மெல்லப் புடைத்திருந்தது. அவற்றின் தலையில் சிலுவைக் குறியாகக் கீறி வைத்திருப்பதே, உள்ளே அழுத்தம் மிகுந்தால் வெடிக்காமல் அந்தக் கீறலின் வழியே திறந்துகொள்வதற்காகத்தான். ஒன்றில் கீறல் பிளந்து, பழுப்பு நிறப் பொருக்கு ஒன்று உலர்ந்து ஒட்டியிருந்தது.

அந்தச் சிறு உருளைக்குள் இருப்பவை, சுருட்டி வைத்த அலுமினியத் தகடுகளும், மின்கடத்தும் திரவத்தில் ஊறிய காகிதமும். தகட்டின்மேல் படிந்த மிக மெல்லிய ஆக்ஸைடுப் படலமே மின்னேற்றங்களைப் பிரித்து வைக்கிறது. திரவத்தில் ஜலத்தின் பங்கைக் கூட்டினால் மின்தடை குறைந்து நல்ல பலன் தரும். ஆனால் அந்த ஜலம் அலுமினியத்தைத் தாக்காதபடி தடுக்கும் ரசாயனங்களும் சரியான அளவில் சேர்ந்திருக்க வேண்டும். இந்த நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில் ஏராளமாகச் சந்தைக்கு வந்த கெப்பாசிட்டர்களில் அந்தக் காப்பு போதவில்லை. ஜலமும் உலோகமும் வினைபுரிய ஹைட்ரஜன் வாயு பிறந்தது, தலை புடைத்தது, திரவம் வறண்டது. 2002, 2003-ஆம் ஆண்டுகளில் பத்திரிகைகளில் வெளிப்பட்ட இந்த விஷயத்தைக் கெப்பாசிட்டர் கொள்ளைநோய் என்றே தொழில்நுட்பக்காரர்கள் அழைக்கிறார்கள்.

சில்லுக்கு வேண்டியது சுமார் ஒன்றரை வோல்ட். ஆனால் கடினமான காட்சி வரும்போது அது கண நேரத்தில் பல ஆம்பியர் கூடுதலாகக் கேட்கும். அந்தக் கணத்தில் கையிருப்பிலிருந்து கொடுத்து மின்னழுத்தத்தை ஸ்திரமாக வைத்திருப்பது கெப்பாசிட்டரின் கடமை. கையிருப்பு வற்றிய கெப்பாசிட்டரால் அது முடியாது, அழுத்தம் சரிகிறது, எங்கோ ஒரு 1, 0-வாகப் படிக்கப்படுகிறது, சில்லு மயங்குகிறது, வாசலில் டிரைவர் தட்டிக்கொண்டே நிற்கிறது.

மாற்றுவது பொறுமையைக் கேட்கும் வேலை. நேர்முனைக் கால் எளிதில் வந்துவிடும். எதிர்முனைக் காலோ பலகையின் உள்ளடுக்கிலுள்ள அகன்ற தாமிரத் தகட்டோடு இணைந்திருப்பதால், சால்டரிங் அயர்ன் தரும் சூட்டையெல்லாம் அந்தத் தாமிரம் குடித்துவிடும். புதிய ஈயத்தைச் சிறிது உருக்கிச் சேர்த்து, பழையதோடு கலந்து இளகியபின், இழுக்காமல் மெல்லச் சாய்த்து எடுக்கவேண்டும். புதியவை 105 பாகை உஷ்ணம் தாங்குவனவாகவும், உள்மின்தடை குறைந்தனவாகவும் இருக்கட்டும். உருளையின் பக்கக்கோடு எதிர்முனை என்பதை மறக்கவேண்டாம். பலகையில் அச்சிட்ட குறியை மட்டும் நம்பாமல், பழையது நின்ற திசையையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றியவற்றை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 1500 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்த ஒன்று, அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டவில்லை. அன்றிரவு ஏ.ஜி.பி. வேகத்தை நான்கு மடங்குக்கே ஏற்றி, முதல்நாள் குற்றவாளியென்று நான் நீக்கிய அதே டிரைவரைத் திரும்ப நிறுவினேன். நெருப்பும் புகையும் நிறைந்த அந்தக் கட்டம் வந்தது, கடந்தும் போயிற்று.