எது முதலில் நடந்தது?

கிளியனூர்ப் பகுதி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒருநாள் கரும்பலகையில் இப்படி எழுதினேன்: 'பிஃபோர் த பஸ் கேம், ரவி ஹேட் கால்டு ஹிஸ் மதர், ஹூ ஹேட் ஆல்ரெடி லெஃப்ட் ஹோம்.' இதிலுள்ள மூன்று நிகழ்வுகளுக்கும் நடந்த வரிசைப்படி எண் போடச் சொன்னேன்.

பெரும்பாலோர் பேருந்து வந்தது 1, ரவி அழைத்தது 2, அம்மா கிளம்பியது 3 என்று எழுதினர். ஒரு மாணவி மட்டும் நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தாள். 'ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு?' என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் படித்தேன்: 'பஸ் வர்றதுக்கு முன்னாடி ரவி போன் பண்ணான். அம்மா அதுக்கும் முன்னாடியே கிளம்பிட்டாங்க.' அவள் போட்ட எண்கள் 3, 2, 1. வகுப்பில் அவள் விடை மட்டுமே சரி!

மற்றவர்கள் ஏன் தவறினார்கள் என்று யோசித்தேன். 'எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் பள்ளிக்கு வந்தான்' என்னும்போது தமிழில் வினையெச்சங்கள் நடந்த வரிசையிலேயே வருகின்றன. அந்தப் பழக்கத்தில், ஆங்கிலத்திலும் முதலில் சொன்னதே முதலில் நடந்தது எனப் பிள்ளைகள் கொள்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 'பிஃபோர் த பஸ் கேம்', 'ஆஃப்டர் த பஸ் கேம்' இரண்டிலும் 'கேம்' என்ற இறந்தகால வினைதான். தமிழிலோ 'வருவதற்கு முன்', 'வந்த பிறகு' என்று வினைவடிவமே மாறுகிறது. 'அன்டில்' வந்தாலும் 'வரும் வரை' என்போம். பேருந்து இன்னும் வரவில்லை என்பதைத் தமிழ் வினையே காட்டிக்கொடுக்கிறது. அந்த மாணவிக்கு உதவியது இதுதான்.

இப்போது வகுப்பில் நான்கு படிகளைப் பின்பற்றுகிறோம்.

1. வினைச்சொற்களை அடிக்கோடிடுதல்.
2. 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'வென்', 'ஆல்ரெடி' போன்ற சொற்களை வட்டமிடுதல்.
3. வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பார்த்தல்.
4. அதன்பின் எண்ணிடுதல்.

'வென்' வரும்போது 'ஹேட்' மிக முக்கியம். 'வென் வி ரீச்டு த ஸ்டாப், த பஸ் லெஃப்ட்' என்றால், நாம் போய்ச் சேர்ந்ததும் பேருந்து கிளம்பியது. 'ஹேட் லெஃப்ட்' என்றால், நாம் சேரும்போது அது போயிருந்தது. புதுச்சேரிப் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை.

ஒன்றில் கவனம் தேவை. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இருந்தால் வரிசை ஏற்கெனவே தெளிவாகிவிடுவதால் 'ஹேட்' விடுபடலாம். எனவே 'ஹேட்' உள்ளதே முதலில் நடந்தது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. ரவி வாக்கியத்தில் இரண்டு 'ஹேட்' இருக்கின்றன. எது முந்தியது என்பதை 'ஆல்ரெடி'தான் சொல்கிறது.

மறுநாள் அந்த நோட்டை வாங்கி, நான் அடித்த கோட்டின் கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பலகைக்கு வந்து விளக்கச் சொன்னேன். வாய் திறக்கத் தயங்கும் அந்தப் பிள்ளை மூன்று எண்களையும் போட்டுக் காட்டினாள். அன்றுமுதல் என் வகுப்பில் ஆங்கில நோட்டின் ஓரம் தமிழுக்கு.